வெண்பட்டில் ஆண்கள் சட்டை: மதிப்புரையில் எதைக் கவனிப்பது?

கேள்வி (அஸ்தம்பட்டி):
இளம் வடிவமைப்பாளர் ஒருவர், புவிசார் குறியீடு பெற்ற நம் சேலம் வெண்பட்டை வேட்டியோடு நிறுத்திவிடாமல், நேரு காலர் சட்டைகளாகவும் தைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார். மதிப்புரை எழுதவிருக்கும் நான், தோற்றத்தைத் தாண்டி எதைப் பார்க்க வேண்டும், ஐயா?

பதில் (செவ்வாய்ப்பேட்டை, தையற்கலைஞர்):
தம்பி, முதலில் சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பட்டு இழை வழுக்கும் இயல்புடையது என்பதால், தையலுக்கு விடும் துணி குறைந்தால் அக்குளிலும் முதுகிலும் நெசவு விலகிவிடும். சென்ற ஐப்பசியில் என்னிடம் பழுதுபார்க்க வந்த சட்டையொன்றில், விலாத் தையலோரம் பாவு இழைகள் (நெடுக்கு நூல்கள்) ஒதுங்கி, ஊடை (குறுக்கு நூல்) மட்டும் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்தது. புகைப்படத்தை மட்டும் வைத்து எழுதப்படும் மதிப்புரைகளில் இது ஒருபோதும் வராது என்பது என் வருத்தம்.

பதில் (அம்மாப்பேட்டை, நெசவாளர்):
அண்ணன் சொல்வது உண்மை. சரிகைக் கரையைக் கழுத்துப்பட்டியில் வைத்திருந்தால் அது கழுத்தை உறுத்தும். பொத்தான் பட்டியில் வைத்தால் உறுத்தாது, விறைப்பும் கிடைக்கும். நெய்தவரின் பெயர் எங்கேனும் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் அவசியம் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளை ஒரு சட்டையை அணிந்து, கைகளை உயர்த்திப் பார்த்த பின்னரே எழுதுகிறேன்.