புதுப்பிப்பு: வாய்க்குள் தோல் உரிந்த விவகாரம்

கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகச் சவ்வு உரிகிறது, காரம் பட்டால் எரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பூஞ்சைத் தொற்று என்று பலர் பயமுறுத்தினீர்கள், அது இல்லை. பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மவுத்வாஷ்?" என்பதுதான்.

ஈறு வீக்கத்துக்காக வேறோர் இடத்தில் எழுதிக்கொடுத்த 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ்தான் காரணமாம். சிலருக்கு அது வாயின் மேல்சவ்வை உரிக்கும். பல்லில் பழுப்புக் கறையும் சுவை மாற்றமும் வரலாம். எத்தனை நாளைக்கு என்று சீட்டில் ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?

இப்போது அதை நிறுத்தி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கிறேன். பற்பசையையும் மாற்றச் சொன்னார்: நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் சவ்வை உரிக்கக்கூடியது. எரிச்சல் அடங்கிவிட்டது. ரசம் இறங்குகிறது, ஊறுகாய் இன்னும் இல்லை.

குளோர்ஹெக்சிடினில் தண்ணீர் கலக்கலாமா என்று கேட்டவருக்கு: எரிந்தால் சம அளவு கலக்கலாம் என்றார். பல் துலக்கிய உடனே அதனால் கொப்பளிக்காதீர்கள். பற்பசையிலுள்ள அதே சல்பேட், மருந்தின் வீரியத்தைக் குறைக்கும், அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கறையைச் சுத்தம் செய்ய அடுத்த வாரம் போகிறேன்.