நீலப் பிள்ளையார் தப்பா?

மதுரைக்காரி:
சதுர்த்திக்காக என் மகள் வரைந்த படம் இது. ஏழு வயது. பிள்ளையாருக்கு உடம்பு முழுக்க நீலம், கை இரண்டே இரண்டு. தொந்திக்குள்ளே கொழுக்கட்டைகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன, ஒன்றில் பூரணம் வழிகிறது. பக்கத்தில் எலி, அவர் உயரத்துக்கே. டிராயிங் மிஸ், “சாமியை இப்படி வரையக் கூடாது, மாற்றிக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டார். மாற்றச் சொல்லவா?

ஆகமம்_அறிவோம்:
மிஸ் சொன்னதுதான் சரி, சகோதரி. சாமி உருவம் அவரவர் இஷ்டத்துக்கு வருவதில்லை. நிறம், கை, கையில் இருப்பது எல்லாம் தியான சுலோகத்தில் இருக்கிறது. பாசக்கயிறு, அங்குசம், ஒடிந்த தந்தம், மோதகம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் கைதட்டினால் கடைசியில் கூலிங்கிளாஸ் போட்ட பிள்ளையார்தான் மிஞ்சுவார்.

கரிக்கோல்:
கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டது பெரியவர்கள் ஐயா, அந்தப் பழி பிள்ளைகளுக்கு எதற்கு? பிள்ளையார்பட்டி குடைவரையில் இருக்கும் கற்பக விநாயகருக்கும் இரண்டு கைதான். நிறமா? விநாயகர் அகவலில் ஔவையே “நெஞ்சிற் குடிகொண்ட நீல மேனியும்” என்கிறார். நம் கண்ணில் பதிந்திருக்கும் ரோஸ் நிறம் சிவகாசி காலண்டர் கொடுத்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருபவன் என்ற முறையில் ஒன்று. இந்த வயதில் பார்த்ததைவிடத் தெரிந்ததைத்தான் வரைவார்கள். பஸ் வரைந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கால்கூடத் தகரத்தைத் தாண்டித் தெரியும். கொழுக்கட்டை சாப்பிட்டார், அது வயிற்றில் இருக்கிறது, அதனால் தெரிகிறது. பிள்ளைகளுக்கு முக்கியமாகப் படுவது பெரிதாக வரும் என்று கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே எழுதிவிட்டார்.

ஆகமம்_அறிவோம்:
அகவலை எடுத்தீர்கள், சந்தோஷம். அதற்கு முந்தைய வரி “அஞ்சு கரமும் அங்குச பாசமும்”. தும்பிக்கையோடு சேர்த்து ஐந்து. அதை ஏன் விட்டீர்கள்? வேண்டிய வரியை மட்டும் பொறுக்கினால் அது வாதமா? பிள்ளையார்பட்டியில் செதுக்கியவர் அளவு தெரிந்து செதுக்கியவர்.

கரிக்கோல்:
அதற்கு அடுத்த வரியையும் படித்துவிடுங்கள்: “நான்ற வாயும் நாலிரு புயமும்”. ஐந்து கை, எட்டுத் தோள், எல்லாம் ஒரே பாட்டில். ஔவையையும் மாற்றிக்கொண்டு வரச் சொல்வாரா மிஸ்? அளவு என்றீர்களே, மற்ற பெரிய மூர்த்திகளுக்குப் பத்துத் தாலம் வரை போகிற சிற்ப நூல் பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம்தான் சொல்கிறது. முகத்தைப் போல ஐந்து மடங்குதான் மொத்த உயரம். பெரிய தலை, குட்டை உடம்பு. இந்தப் படத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

தெருக்கோடி:
இவ்வளவு பேசுகிறீர்களே, பாப்பா டப்பாவில் சிவப்பு க்ரேயான் இருந்ததா என்று யாராவது கேட்டீர்களா? எனக்கென்னவோ அது ஒடிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது 😄

மதுரைக்காரி:
இப்போதுதான் கேட்டேன். சிவப்பு முழுசாக இருக்கிறது. “பெருமாள் இவருக்கு மாமாதானே, மாமா ஜாடை” என்கிறாள். எலி ஏன் இவ்வளவு பெரிசு என்றால், “சின்ன எலி இவரைத் தூக்குமா?”

ஆகமம்_அறிவோம்:
மாமா உறவைச் சொல்லிக்கொடுத்தது யார், பாட்டியா? அப்படியானால் பாசம், அங்குசத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். இந்தப் படத்தை அழிக்க வேண்டாம், இன்னொன்று முறைப்படி வரையட்டும். ஆனால் பூஜைக்கு இது ஆகாது. அதில் நான் மாறமாட்டேன்.

கரிக்கோல்:
பூஜைக்குக் களிமண் பிள்ளையார் வருவார் ஐயா. இது சுவரில் ஒட்டுவதற்கு. முறைப்படி வரைய அவளுக்கே ஆசை வரட்டும், அதுவரை அங்குசம் காத்திருக்கும்.

மதுரைக்காரி:
மாற்றவில்லை. மிஸ்ஸுக்கு நோட்டில் இரண்டு வரி எழுதி அனுப்புகிறேன். அகவலையும் சேர்க்கலாமா, வம்பாகிவிடுமா?

தெருக்கோடி:
சேருங்கள் அக்கா. எட்டுத் தோள் வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் அதையும் வரைந்து வா என்பார்.