ஒரே பெயர், இரண்டு நிறம்: இந்த மருந்தை நம்பிச் சுடலாமா?

ஹூஸ்டன்_செல்வா

வணக்கம். ஆறு வருஷமா என் .308 ரைபிளுக்கு நானே தோட்டா நிரப்பிக்கறேன், இலக்குச் சுடறதுக்கு மட்டும். போன வாரம் தோட்டாவுக்குள்ள போடற வெடிமருந்துல புது பாட்டில் திறந்தேன். பழைய பாட்டில்ல ஒரு கைப்பிடி மிச்சம். லேபிள்ல ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ரெண்டையும் வெள்ளைத்தாள்ல கொட்டி ஜன்னலோரம் வெச்சுப் பார்த்தேன். பழசு பென்சில் கரி மாதிரி மினுங்குது. புதுசு வெளிறிப்போய், லேசா பச்சை ஓடின சாம்பல் நிறம். மருந்துக் குச்சிகளும் ஒரே நீளம் இல்லை, சிலது சாய்வா வெட்டுப்பட்டிருக்கு.

168 கிரெயின் (சின்ன எடை அளவு) ரவை, அதாவது பறந்து போற குண்டு, வழக்கமான மருந்து எடை, எதையும் மாத்தலை. பழசுல சராசரி வேகம் நொடிக்கு 2,640 அடி, புதுசுல 2,705. புதுசுல ஏழாவது, எட்டாவது தோட்டாக் கூட்டுல பிரைமர் (அடியில தீமூட்டுற சின்ன மூடி) தட்டையா நசுங்கியிருந்தது, உள்ளே அழுத்தம் கூடினதோட அறிகுறி. அதோட நிறுத்திட்டேன். கடையில கேட்டா "நிறம் அப்படி இப்படித்தான் இருக்கும்"னு முடிச்சிட்டாங்க. பக்கத்துல என் மகன் நின்னு பார்க்கிறான். அந்தப் பதில் எனக்குப் போதலை.

இன்னொண்ணு. நண்பர் ஒருத்தர் வீடு மாறும்போது கொடுத்த பழைய மருந்துத் தகர டப்பா கராஜ்ல கிடக்கு. மூடியைத் தளர்த்தினாலே மூக்கைக் குத்துது.

ஸ்காபரோ_ரவி

செல்வா அண்ணை, போத்தலிலை இருக்கிற லொட் நம்பரை, எந்தத் தயாரிப்புத் தொகுதி எண்டு காட்டுற இலக்கத்தை, பார்த்தனீங்களோ? கட்டாயம் வேறயாத்தான் இருக்கும். மேல பூசுற கிராஃபைட் கூடக்குறைய நிறம் மாறும், அது பெரிய விசயமில்லை. ஆனா எரியிற வேகமும் லொட்டுக்கு லொட்டு கொஞ்சம் மாறும். மருந்து எடையைப் பத்து வீதம் குறைச்சுத் திரும்பத் தொடங்குங்கோ. ரெண்டு லொட்டையும் ஒருநாளும் கலக்காதேங்கோ. நிரப்பி மிச்சமிருக்கிற தோட்டாவைச் சுடாமல் ரவையைக் கழட்டிப் பிரிச்சு வையுங்கோ.

அருவங்காடு_பழையவர்

தம்பி, நான் நீலகிரி அருவங்காட்டுல வெடிமருந்து செய்யிற கார்டைட் ஃபேக்டரியில 31 வருஷம் இருந்தவன், அதுல பாதி சோதனைக்கூடத்துல. புது பாட்டிலுக்கு மேலே ரவி சொன்னதே சரி. எனக்குக் கவலை அந்த டப்பாதான்.

இந்த மருந்தோட முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்லச் சிதையும். அப்போ வர்ற நைட்ரஜன் ஆக்சைடு ஈரத்தோட சேர்ந்து அமிலமாகி, சிதைவை இன்னும் வேகமாக்கும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் டைஃபினைலமைன் மாதிரி நிலைப்படுத்தியைச் சேர்க்கிறாங்க. அது தீர்ந்தா மருந்து உள்ளுக்குள்ளேயே சூடாகும். கராஜ் வெக்கையில சீக்கிரம் தீரும். 1907-ல தூலோன்ல 'யேனா', 1911-ல அதே துறைமுகத்துல 'லிபெர்த்தே', ரெண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பலும் வெடிச்சதுக்குக் கெட்டுப்போன மருந்தைத்தான் காரணமாச் சொல்றாங்க.

நாங்க மருந்தைக் குழாய்ல போட்டுச் சூடேத்தி, உள்ளே மெத்தில் வயலட் தாளைத் தொங்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துட்டு நிப்போம். நைட்ரோகிளிசரின் சேர்ந்த ரகத்துக்கு 120 டிகிரி, சேராததுக்கு 134.5. ஊதாத்தாள் எவ்வளவு சீக்கிரம் வெளுத்து ஆரஞ்சு கலந்த ரோஸ் நிறத்துக்கு வருதோ, அவ்வளவு மோசம். உன்கிட்ட அதெல்லாம் இருக்காது, வீட்டுல செஞ்சும் பார்க்காதே. நல்ல மருந்துல ஸ்பிரிட், ஈதர் வாசம் வரும். புளிச்ச அமில நெடி, துரு மாதிரி பழுப்புத்தூள், செம்பழுப்புப் புகை, இதுல ஒண்ணு இருந்தாலும் அது செத்த மருந்து. முதல்ல வீட்டை விட்டு வெளியே எடு. இன்னைக்கே செய்.

ஹூஸ்டன்_செல்வா

ஐயா, படிச்ச உடனே போய்ப் பார்த்தேன். மூடியோட உள்பக்கம் முழுக்கத் துரு. ஒரு சிட்டிகை தாள்ல தட்டினேன், மிளகாய்த்தூள் சிந்தின மாதிரி பழுப்பா ஒட்டிக்கிச்சு. கைகால் நடுங்கிடுச்சு. அந்த அலமாரிக்கு நேர் மேலேதான் மகன் தூங்குற அறை. டப்பாவை வேலியோரம் நிழல்ல வெச்சுட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணேன். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ரவி, லாட் நம்பர் வேறதான். பத்து சதவீதம் குறைச்சு ஆரம்பிச்சேன், 2,470 அடி வந்தது. அரை அரை கிரெயினா ஏத்தி, 2,640 கிட்ட வந்ததும் நிறுத்திட்டேன். பழைய எடையை விட 1.2 கிரெயின் கம்மி. பிரைமர் ஓரம் நல்லா உருண்டையா இருக்கு. பாட்டில் மேல லாட் நம்பர், திறந்த தேதி ரெண்டையும் மார்க்கர்ல பெருசா எழுதிட்டேன்.

அருவங்காடு_பழையவர்

நல்லது தம்பி. இனிமே மருந்தைக் கராஜ்ல வைக்காதே.