விதி தெரிந்தும் மீன் வாங்கத் தெரியவில்லை

யீஷூன்வாசி:
ஞாயிறு காலை தேக்கா சந்தைக்கு அம்மாவுடன் போயிருந்தேன். செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிந்திருக்க வேண்டும், அழுத்தினால் சதை குழியக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் எடுத்த வஞ்சிரம் மூன்றிலும் தேறியது. அம்மா வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், வை" என்றார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காரணம் சொல்ல முடியாததை அறிவு என்று ஏற்கலாமா?

பழைய வாசகன்:
ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1781இல் இதைத் தொட்டிருக்கிறார். விதிகளைக் கற்றுத்தரலாம், ஒரு விதி இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று காணும் திறனைப் பழகத்தான் முடியும் என்றார். பொருத்துவதற்கும் ஒரு விதி வைத்தால், அதைப் பொருத்த இன்னொன்று வேண்டுமே! மருத்துவரையும் நீதிபதியையும் உதாரணம் காட்டினார். பாவம், மீன்கடைப் பக்கம் வரவில்லை.

தோ பாயோ அக்கா:
அதற்காக உடனே கும்பிட்டுவிடாதீர்கள், தம்பி. என் மாமியாரும் இப்படித்தான் "மனத்துக்குப் படுகிறது" என்பார். பாதி நாள் நண்டு உள்ளே காலியாக இருக்கும். அம்மா எத்தனை முறை தவறினார் என்று எண்ணியிருக்கிறீர்களா?

யீஷூன்வாசி:
எண்ணியதில்லை, அக்கா. அன்று வாங்கிய கொடுவா குழம்பில் அருமையாக இருந்தது. ஆனால் அந்த வஞ்சிரம் எப்படி இருந்தது என்பதை, அதை வாங்கிப்போனவரிடம் அல்லவா கேட்க வேண்டும்!