நெல்லிக்கனிக்குத் துணையாக ஒரு கதை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தர்மபுரியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு ஞாயிறுதோறும் வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். அடுத்த மாதத் தலைப்பு: எது சரி என்று யார் முடிவு செய்வது?

நம்ம ஊர்க் கதையிலிருந்தே தொடங்க நினைக்கிறேன். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததைக் கொடை என்று மட்டுமே பள்ளியில் படித்தோம். புறநானூறு 91ஆம் பாடலைப் பார்த்தால், கனியின் பயனைச் சொல்லாமல் தனக்குள் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்கிறார் ஔவை. முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருப்பாரா? நாட்டைக் காக்க வேண்டிய மன்னன் தன் ஆயுளைப் புலவருக்குத் தரலாமா? எனக்கென்னவோ அவன் செய்தது சரிதான், ஆனால் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

இதோடு பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945இல் பாரிஸ் உரையில் சொன்ன மாணவனையும் வைக்கிறேன். ஜெர்மானியர் தாக்குதலில் அண்ணனை இழந்தவன். தனித்திருக்கும் அம்மாவோடு இருப்பதா, இங்கிலாந்து போய் விடுதலைப் படையில் சேர்வதா என்று கேட்டான். சார்த்தர் வழி சொல்லவில்லை, நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்றார்.

அந்த உரை தமிழில் வந்திருக்கிறதா? இப்படி இரண்டு பக்கமும் நியாயம் உள்ள தமிழ்ச் சிறுகதை ஏதாவது சொல்லுங்கள். பத்துப் பக்கத்துக்குள் இருந்தால் நல்லது, அங்கேயே வாசித்துவிடலாம். நீதி சொல்லி முடிக்கும் கதை மட்டும் வேண்டாம். அப்புறம், கிருஷ்ணகிரி பக்கம் தத்துவம் படித்தவர்கள் யாராவது வந்து பேசுவதாக இருந்தால் கீழே சொல்லுங்கள், பேருந்துச் செலவு எங்களுடையது.