எல்எல்விஎம் பேக்எண்ட்: ஸ்டாக் ஃபிரேம் பெரிதானால் ஓ2-வில் பிராஞ்ச் தவறாகப் போகிறது

கரிசல்32

வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் வடிவமைத்த 32 பிட் பிராசஸருக்கு எல்எல்விஎம் (கம்பைலர் கட்டமைப்பு) பேக்எண்ட், அதாவது அந்த பிராசஸரின் இன்ஸ்ட்ரக்ஷன்களை உருவாக்கும் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறேன். பிராசஸர் எஃப்பிஜிஏ (சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டில் ஓடுகிறது. தனியாக ஒரு சிமுலேட்டரும் உண்டு. சிக்கலுக்குத் தேவையான விவரங்கள் மட்டும் சொல்கிறேன்:

மொத்தம் 16 ரெஜிஸ்டர்கள். ஆர்13 ஸ்டாக் பாயிண்டர். லோடு, ஸ்டோர் இரண்டிலும் ஆஃப்செட்டுக்கு 9 பிட்தான், அதாவது -256 முதல் 255 வரை. ரெஜிஸ்டரோடு ரெஜிஸ்டரைக் கூட்டி முகவரி எடுக்கும் எல்டிஎக்ஸ், எஸ்டிஎக்ஸ் இருக்கின்றன. ஏடிடி, எஸ்யூபி, ஏஎன்டி, ஓஆர் என எல்லாக் கணக்கு இன்ஸ்ட்ரக்ஷன்களும் ஃபிளாக்கை (விடை நெகட்டிவா, பூஜ்யமா என்பது போன்ற குறிப்பு பிட்டுகளை) மாற்றும். மாறிலியை ஏற்றும் எம்ஓவிஐ மட்டும் ஃபிளாக்கைத் தொடாது.

ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) எல்லா டெஸ்டும் பாஸ். ஓ2-விலும் (ஆப்டிமைசேஷனோடு) பெரும்பாலானவை பாஸ். ஆனால் 512 பைட் லோக்கல் அரே வைத்த ஒரு ஃபங்ஷனில், லூப்புக்குள் இருக்கும் 'சிறியதா?' என்ற சோதனை தப்பான பக்கம் போகிறது. அரேயை 128 பைட்டாகக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலும் சரியாகிவிடுகிறது, அதனால் பிழை எங்கே என்று நெருங்கவே முடியவில்லை. விசித்திரம் என்னவென்றால், சிமுலேட்டரில் அந்த பிராஞ்ச் ஒருபோதும் தாவுவதில்லை. போர்டில் எப்போதும் தாவுகிறது. வெரிஃபை-மெஷின்இன்ஸ்ட்ரஸ் (உருவான இன்ஸ்ட்ரக்ஷன்களைச் சரிபார்க்கும் வெரிஃபையர்) போட்டுப் பார்த்தேன், ஒரு குறையும் சொல்லவில்லை.

சிஎம்பி-யையும் (ஒப்பீடு) பிராஞ்சையும் டிஏஜி-யில் (இன்ஸ்ட்ரக்ஷன் தேர்வின்போது வரும் கிராஃப்) க்ளூ (இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும் ஒட்டு) வைத்துத்தான் ஒட்டியிருக்கிறேன். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நிரல்மேடு

பெரிய ஃபிரேமில் (ஃபங்ஷனுக்கு ஸ்டாக்கில் ஒதுக்கும் இடம்) மட்டும் உடைகிறது என்றால் ஆஃப்செட்டைப் பிரிக்கும் இடத்தை முதலில் பாருங்கள். மேல்பகுதி, கீழ்பகுதி என்று பிரித்து ஏற்றும்போது கீழ்பகுதி சைன் எக்ஸ்டெண்ட் ஆகும். ரிஸ்க்-வி-யில் கீழ்பகுதி 12 பிட். அதனால் மேல் 20 பிட்டை எடுக்கும் முன் 0எக்ஸ்800 கூட்டிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் சில ஆஃப்செட்டுகளில் மட்டும் 4096 பைட் தள்ளிப் போய்ப் படிக்கும். புது பேக்எண்டில் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

கரிசல்32

நன்றி. இங்கே எம்ஓவிஐ 16 பிட் மாறிலியை ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் ஏற்றிவிடும். என் ஆஃப்செட் 600-ஐத் தாண்டவில்லை, ஆகவே பிரிக்கும் வேலையே வரவில்லை. படிக்கப்படும் மதிப்புகளையும் சிமுலேட்டரில் பார்த்தேன், அவை சரியாகவே இருக்கின்றன. பிராஞ்ச் மட்டும்தான் தவறு.

சோழமண்டலம்_சிப்

தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றால் மன்னிக்கவும். சொந்த இன்ஸ்ட்ரக்ஷன் செட் கட்டாயமா? ரிஸ்க்-வி பேக்எண்ட் 2019-இல் எல்எல்விஎம் 9-இலேயே அதிகாரபூர்வமாகிவிட்டது. சென்னை ஐஐடி-யின் சக்தி பிராசஸர்கள் ரிஸ்க்-வி-யைத்தான் எடுத்துக்கொண்டன, கம்பைலரைத் தனியாகக் கட்ட வேண்டிய வேலை அவர்களுக்கு வரவில்லை. அதில் ஃபிளாக் ரெஜிஸ்டரே கிடையாது. ஒப்பிட்டுத் தாவுவது ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்.

கரிசல்32

உண்மைதான். ஆனால் இந்த பிராசஸருக்கு அசெம்பிளியில் எழுதிய கோடு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இன்ஸ்ட்ரக்ஷன் செட்டை மாற்றும் நிலையில் இல்லை.

பின்முனை

சிமுலேட்டரில் எப்போதும் ஒரு பக்கம், போர்டில் எப்போதும் மறுபக்கம் என்று சொன்னீர்களே, அதுதான் இதில் முக்கியமான தடயம். இரண்டிலும் ரேம் எந்த முகவரியில் தொடங்குகிறது?

அதோடு இரண்டு டம்ப் வேண்டும். எல்எல்சி-யில் (எல்எல்விஎம்-இன் கோடு உருவாக்கும் கருவி) ஸ்டாப்-ஆஃப்டர் ஆப்ஷனுக்கு ஒருமுறை விர்ட்ரெக்ரீரைட்டர் என்றும், இன்னொரு முறை ப்ரோலாக்எபிலாக் என்றும் கொடுங்கள். முதலாவது ரெஜிஸ்டர் ஒதுக்கி முடிந்த நிலை. இரண்டாவது ஸ்டாக் ஆஃப்செட்டுகள் உண்மையான எண்களாக மாறிய நிலை. தவறான பிராஞ்சைச் சுற்றியுள்ள சில வரிகள் போதும்.

கரிசல்32

சிமுலேட்டரில் ரேம் 0-விலிருந்து. போர்டில் 0எக்ஸ்80000000-இலிருந்து.

விர்ட்ரெக்ரீரைட்டருக்குப் பிறகு:

சிஎம்பி ஆர்4, ஆர்7
எல்டி ஆர்6, [ஸ்டாக்.3 + 0]
பிஎல்டி லேபிள்2

ப்ரோலாக்எபிலாக்குக்குப் பிறகு:

சிஎம்பி ஆர்4, ஆர்7
எம்ஓவிஐ ஆர்11, 524
ஏடிடி ஆர்11, ஆர்11, ஆர்13
எல்டி ஆர்6, [ஆர்11 + 0]
பிஎல்டி லேபிள்2

ஆர்11-ஐ இதுபோன்ற வேலைக்கென்றே ரிசர்வ் செய்து வைத்திருக்கிறேன். க்ளூ போட்டும் நடுவில் எப்படி ஒரு லோடு நுழைந்தது?

பின்முனை

உங்கள் பிஎல்டி ('சிறியது' என்றால் தாவும் பிராஞ்ச்) இப்போது ஆர்4, ஆர்7 ஒப்பீட்டைப் பார்க்கவே இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஏடிடி-யின் ஃபிளாக்கைத்தான் பார்க்கிறது. போர்டில் ஸ்டாக் முகவரியின் மேல் பிட் 1. கூட்டியதும் நெகட்டிவ் ஃபிளாக் ஏறும், ஓவர்ஃப்ளோ வராது, ஆகவே 'சிறியது' என்று எப்போதும் தாவும். சிமுலேட்டரில் முகவரி சிறிய எண், நெகட்டிவ் ஃபிளாக் ஏறாது, எப்போதும் தாவாது.

அரே சிறிதாக இருந்தபோதும் அந்த லோடு அதே இடத்தில் இருந்திருக்கலாம். ஆஃப்செட் 255-க்குள் அடங்கியதால் ஏடிடி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பிரிண்ட்எஃப் சேர்த்ததும் ரெஜிஸ்டர் நெருக்கடி மாறி, ரீலோடு (ரெஜிஸ்டர் போதாமல் ஸ்டாக்கில் ஸ்பில் செய்த மதிப்பைத் திரும்ப ஏற்றும் லோடு) வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

க்ளூ பற்றி: அது டிஏஜி-யை வரிசைப்படுத்தும் வரைதான் செல்லும். மெஷின் இன்ஸ்ட்ரக்ஷன்களாக இறங்கிய பிறகு அந்த ஒட்டு எங்கும் பதிவாகி இருப்பதில்லை. அதற்கு அப்புறம் வரும் பாஸ்கள் (கம்பைலரின் அடுத்தடுத்த படிகள்) பிளாக்கின் கடைசியில் எதையாவது வைக்க வேண்டுமானால், முதல் டெர்மினேட்டருக்கு (பிளாக்கை முடிக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) முன்னால் வைக்கும். பிராஞ்ச் டெர்மினேட்டர், சிஎம்பி டெர்மினேட்டர் இல்லை. ஆக அந்த பாஸ்களின் பார்வையில் சரியான இடம் என்பது மிகச் சரியாக உங்கள் சிஎம்பி-க்கும் பிராஞ்சுக்கும் நடுவில்தான். ரெஜிஸ்டர் அலொகேட்டரின் ரீலோடு அங்கே வரும், ஃபை (வந்த பாதையைப் பொறுத்து மதிப்பைத் தேர்வது) நீக்கும்போது வரும் காப்பியும் அங்கே வரும்.

வெரிஃபையர் ஏன் பேசவில்லை? டேபிள்ஜென்னில் (இன்ஸ்ட்ரக்ஷன்களை விவரிக்கும் எல்எல்விஎம் மொழி) ஏடிடி-க்கு டெஃப்ஸ் (எழுதப்படுபவை) என்று ஃபிளாக்கைச் சரியாகவே எழுதியிருப்பீர்கள். பில்ட்எம்ஐ அதை இம்ப்ளிசிட் டெஃப் ஆகச் சேர்த்துவிடும். வெரிஃபையருக்குத் தெரிவது 'ஃபிளாக்கை ஒருவர் எழுதினார், அடுத்தவர் படித்தார்' என்பது மட்டும். அது சட்டப்படி சரி. எலிமினேட்ஃப்ரேம்இண்டெக்ஸில் (ஸ்டாக் இடத்தை உண்மையான ஆஃப்செட்டாக மாற்றும் ஃபங்ஷன்) நீங்கள் உருவாக்கும் ஏடிடி-யின் ஃபிளாக் ஆப்பரண்டில் செட்இஸ்டெட் அழையுங்கள். 'இந்த ஃபிளாக் யாருக்கும் வேண்டாம்' என்று நீங்கள் அறிவித்த பிறகு பிராஞ்ச் அதைப் படித்தால், வெரிஃபையர் உடனே கத்தும். மறைந்திருக்கும் மற்ற இடங்களும் அப்போதே வெளியே வரும்.

ஏவிஆர் (8 பிட் மைக்ரோகண்ட்ரோலர்) பேக்எண்டின் ரெஜிஸ்டர்இன்ஃபோ கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கே டிஸ்ப்ளேஸ்மெண்ட் 63 வரைதான், அதனால் இதே சிக்கல் இன்னும் சீக்கிரம் வரும். ஸ்பில் கோடு ஒப்பீட்டுக்கும் பிராஞ்சுக்கும் நடுவில் வரலாம் என்று காரணத்தையும் எழுதி, எஸ்ரெக்கை (ஏவிஆரின் ஃபிளாக் ரெஜிஸ்டர்) எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் முடிந்ததும் திரும்ப வைக்கிறார்கள். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. எம்ஓவிஐ ஃபிளாக்கைத் தொடாது, எல்டிஎக்ஸும் இருக்கிறது:

எம்ஓவிஐ ஆர்11, 524
எல்டிஎக்ஸ் ஆர்6, [ஆர்13 + ஆர்11]

ஏடிடி-யே வேண்டாம். ஸ்டோருக்கும் அப்படியே எஸ்டிஎக்ஸ்.

கரிசல்32

அருமை, காரணம் இப்போது தெளிவாகப் புரிகிறது. எல்டிஎக்ஸுக்கு மாற்றியதும் அந்த ஃபங்ஷன் போர்டிலும் சிமுலேட்டரிலும் சரியாக ஓடுகிறது.

செட்இஸ்டெட் போடச் சொன்ன யோசனையை காப்பிஃபிஸ்ரெக்கிலும் (ரெஜிஸ்டர் காப்பியை உருவாக்கும் ஃபங்ஷன்) வைத்துப் பார்த்தேன். அங்கே வெரிஃபையர் பல இடங்களில் கத்துகிறது! இந்த பிராசஸரில் ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்கு மாற்றத் தனி இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. ஓஆர் ஆர்1, ஆர்2, ஆர்2 என்றுதான் காப்பி எடுக்கிறேன். அதுவும் ஃபிளாக்கை மாற்றும். இதற்கு எல்டிஎக்ஸ் போல மாற்று வழி எதுவும் தெரியவில்லை.

யாழினி_விஎல்எஸ்ஐ

பின்முனை சொன்னது எல்லாம் சரி. காப்பியும் மாட்டிக்கொண்டதால் இனி வேறு பக்கத்திலிருந்து தீர்ப்பதே நல்லது.

ஃபிளாக் உள்ள எந்த பிராசஸருக்கும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஸ்பில், ரீலோடு, காப்பி, ஃபிரேம் முகவரி, மாறிலி ஏற்றுதல், இவை ஐந்தையும் ஃபிளாக்கைத் தொடாமல் செய்ய முடியுமா? எக்ஸ்86-இல் எம்ஓவி-யும் எல்இஏ-யும் தொடாது. ஆர்ம்-இல் எஸ் பிட் போடாத ஏடிடி தொடாது. எம்68கே-யில் சாதாரண மூவ் கூட ஃபிளாக்கை மாற்றிவிடும். அதனால் எல்எல்விஎம்-இன் எம்68கே பேக்எண்ட், ஸ்பில்லுக்கும் ரீலோடுக்கும் பல ரெஜிஸ்டர்களை ஒன்றாகச் சேமிக்கவென்றே இருக்கும் மூவ்எம்-ஐ ஒரே ஒரு ரெஜிஸ்டருக்குப் பயன்படுத்துகிறது. அது ஃபிளாக்கைத் தொடாது என்பதற்காகவே.

உங்களுக்குக் காப்பியில் வழியில்லை. எனவே சிஎம்பி, பிராஞ்ச் இரண்டையும் சேர்த்து ஒரே சூடோ இன்ஸ்ட்ரக்ஷனாக வைத்துவிடுங்கள். அதை டெர்மினேட்டராக அறிவித்தால் ரீலோடும் காப்பியும் அதற்கு முன்னால் நின்றுவிடும், நடுவில் நுழைய இடமே இருக்காது. எக்ஸ்பேண்ட்போஸ்ட்ஆர்ஏசூடோவில் (ரெஜிஸ்டர் ஒதுக்கிய பின் சூடோவை விரிக்கும் ஃபங்ஷன்) அதை இரண்டாகப் பிரியுங்கள். ப்ரோலாக் எபிலாக் பாஸ் அதற்கு முன்பே முடிந்திருக்கும், ஆகவே ஃபிரேம் ஆஃப்செட் வேலைகளும் தொல்லை தராது. பிந்தி வரும் ஷெட்யூலர் இம்ப்ளிசிட் ஃபிளாக்கைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளும். அனலைஸ்பிராஞ்சுக்கு (பிளாக்கின் கடைசி பிராஞ்சுகளை அடையாளம் காணும் ஃபங்ஷன்) இந்த சூடோவையும் சொல்லிக்கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பிளாக்குகளை அடுக்கும் பாஸ் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும்.

இதில் ஓர் இழப்பு உண்டு. ஒரே ஒப்பீட்டை இரண்டு பிராஞ்சுகள் பகிர்ந்துகொள்ள முடியாது. அந்த ஓர் இன்ஸ்ட்ரக்ஷனுக்காக இந்த நிம்மதியை விடக்கூடாது என்பது என் கருத்து.

கரிசல்32

செய்து பார்த்தேன், வெரிஃபையர் அமைதியாகிவிட்டது. செலக்ட்டையும் (நிபந்தனைப்படி இரண்டில் ஒரு மதிப்பைத் தேர்வது) பிராஞ்ச் வைத்துத்தான் இறக்குகிறேன் என்பதால் அதுவும் இதே சூடோவில் அடங்கிவிட்டது. ஃபிளாக்கைப் பயன்படுத்தும் இடம் இனி வேறு எதுவும் இல்லை என்று நம்பலாமா?

பின்முனை

64 பிட் கூட்டலை எப்படி இறக்குகிறீர்கள்? ஏடிடி, அடுத்து ஏடிசி (கேரியோடு சேர்த்துக் கூட்டுவது) என்றால் கேரி ஃபிளாக்குக்கும் இதே கதைதான். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் ஒரு ரீலோடு வந்து நிற்கலாம். எல்டிஎக்ஸ் ஆக்கிவிட்டதால் ரீலோடு தப்பிக்கும், ஆனால் காப்பி வந்தால் ஓஆர் வரும்.

அதையும் நான்கு உள்ளீடு, இரண்டு வெளியீடு உள்ள ஒரே சூடோவாக வையுங்கள். கீழ்பாதி விடைக்கு எர்லிக்ளாபர் கட்டாயம். மேல்பாதி உள்ளீடுகள் படிக்கப்படும் முன்பே அது எழுதப்படுகிறது. எர்லிக்ளாபர் இல்லாவிட்டால் அலொகேட்டர் இரண்டுக்கும் ஒரே ரெஜிஸ்டரைக் கொடுத்துவிடும்.

கரிசல்32

ஏடிடி, ஏடிசி, க்ளூ, அப்படியேதான் இருக்கிறது. மாற்றிவிடுகிறேன். எஸ்யூபி, எஸ்பிசி-யும் சேர்த்து.

இன்னொன்று, ஆர்11-ஐ நிரந்தரமாக ரிசர்வ் செய்தது சரியா? 16-இல் ஒன்று போவது வருத்தமாக இருக்கிறது. ஸ்கேவென்ஜருக்கு (தேவைப்படும்போது காலி ரெஜிஸ்டரைத் தேடித் தரும் பகுதி) மாறிப் பார்த்தபோது, அவசர ஸ்பில் ஸ்லாட் இல்லை என்று சொல்லி எல்எல்சி நின்றுவிட்டது.

யாழினி_விஎல்எஸ்ஐ

பேக்எண்ட் நிலைபெறும் வரை ரிசர்வ் செய்தே வைத்திருங்கள், தவறில்லை. பிறகு மாறும்போது, ப்ராசஸ்ஃபங்ஷன்பிஃபோர்ஃப்ரேம்ஃபைனலைஸ்டில் ஒரு ஸ்லாட் உருவாக்கி, ஆட்ஸ்கேவென்ஜிங்ஃப்ரேம்இண்டெக்ஸ் மூலம் ஸ்கேவென்ஜரிடம் கொடுக்க வேண்டும். அந்த ஸ்லாட் உங்கள் 9 பிட் ஆஃப்செட்டுக்குள் எட்டக்கூடிய இடத்தில் அமைய வேண்டும். அதை எட்டவே இன்னொரு ரெஜிஸ்டர் தேவை என்றால் பயனில்லை. ஸ்லாட் எப்போது தேவை என்று முடிவு செய்யும்போது கொஞ்சம் தாராளமாக இருங்கள். எஸ்டிமேட்ஸ்டாக்சைஸ் (ஃபிரேம் அளவை முன்கூட்டிக் கணிக்கும் ஃபங்ஷன்) சில சமயம் குறைத்து மதிப்பிடும் என்பதால், ரிஸ்க்-வி-யில் 12 பிட் ஆஃப்செட் இருந்தும் 11 பிட்டை வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

நிரல்மேடு

டெஸ்டுக்கு ஒரு குறிப்பு. எல்எல்சி-க்கு ஸ்ட்ரெஸ்-ரெக்அலாக் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதில் ஒரு சிறிய எண் கொடுத்தால் அலொகேட்டர் அத்தனை ரெஜிஸ்டர்களோடு மட்டும் சமாளிக்கும், ஸ்பில் கொட்டும். ஏற்கெனவே பாஸ் ஆன டெஸ்டுகளையே அந்த ஆப்ஷனோடும், 300 பைட்டுக்கு மேல் ஒரு லோக்கல் அரேயைச் சேர்த்தும் ஓட்டுங்கள். சிமுலேட்டரில் ரேமை 0எக்ஸ்80000000-க்கு மாற்றி ஒருமுறை, பழைய முகவரியில் ஒருமுறை. இரண்டு விடையும் வேறுபட்டால் எங்கோ ஒரு பிராஞ்ச் இன்னும் முகவரியைப் பார்த்துத் தாவுகிறது.

கரிசல்32

ஸ்ட்ரெஸ்-ரெக்அலாக்கில் 5 கொடுத்து, இரண்டு முகவரிகளிலும் ஓட்டினேன். 64 பிட் கழித்தல் டெஸ்ட் ஒன்று மட்டும் வேறுபட்டது, எஸ்பிசி சூடோவில் எர்லிக்ளாபர் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததும் எல்லாம் ஒத்துப்போகின்றன. மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இழையைத் 'தீர்ந்தது' என்று குறிக்கிறேன்.