கல்யாணச் சடங்குகள் பற்றி ஓர் உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். தையில் தங்கைக்குக் கல்யாணம். சடங்குகளின் பொருளை எளிய தமிழில் எழுதி, வருகிறவர்களுக்கு ஒரு சிறு அச்சுத்தாளாகக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

அம்மி மிதிக்கும்போது சொல்லும் மந்திரம், "இந்தக் கல்லில் ஏறு, கல்லைப் போல் உறுதியாக இரு" என்பது. மணமக்கள் சேர்ந்து ஏழடி எடுத்து வைக்கும் சடங்கில், ஏழாவது அடியில் "என் தோழியாக இரு" என்று மாப்பிள்ளை கேட்கிறார். இவ்வளவு நல்ல சொற்கள் மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போகின்றனவே என்று வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பகுதி ஓரளவு எழுதியாயிற்று. இனி வேண்டியது ஊர் வழக்கு. அகநானூறு 86ஆம் பாட்டில், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீவலம் பற்றி அதில் பேச்சே இல்லை. அதுபோன்ற நீராட்டு உங்கள் பக்கம் இன்னும் உண்டா? யார் யார் செய்வார்கள்?

அப்புறம், அரசாணிக்கால் (மணப்பந்தலில் நடும் அரசங்கிளை) நடுவதற்கும் முளைப்பாலிகை (சிறு மண்பாண்டங்களில் முளைக்கவிடும் தானியம்) தெளிப்பதற்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன காரணம் சொல்வார்கள்? பாலிகையில் என்னென்ன தானியம் போடுவீர்கள்? நலங்குப் பாட்டு தெரிந்த பாட்டிமார் இருந்தால் குரல்பதிவாகவே அனுப்புங்கள். எந்த ஊர் வழக்கு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கார்த்திகைக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.